புதிய டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள்: நெல்லைச் சீமை ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கடையநல்லூரிலும் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிய குறும்படங்களைப் பார்க்கும்போது வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பழையது மாதிரி இருக்கிறதா, இல்லையா? டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ட்டூன் குறும்படத்துக்கு உயிர் நேரக்கணக்குதான். எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும், எந்தக் கணத்தில் அடி விழ வேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்தால், எந்த ஆண்டு எடுத்தாலும் அது நல்ல டாம் அண்ட் ஜெர்ரி.

"புதுசு" என்று எதைச் சொல்கிறோம்?

2021-இல் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையவழி ஓடிடி தளத்தில் 'ஸ்பெஷல் ஷார்ட்ஸ்' என்று இரண்டு படங்கள் வந்தன. அதே ஆண்டு இருவரும் நியூயார்க் ஓட்டலில் இருக்கும் தொடர் வந்தது. 2022-இல் ஜப்பானுக்கென்று சில குறும்படங்கள். 2023-இல் சிங்கப்பூரைக் களமாக வைத்து ஏழு படங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். 2014-இல் தொடங்கி 2021 வரை ஓடிய 'டாம் அண்ட் ஜெர்ரி ஷோ'வையும் சிலர் புதுசு என்கிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அதுவே பழசு.

அப்படியானால் "பழசு" எது?

இங்கேதான் பாதிச் சண்டை வருகிறது. 1940 பிப்ரவரி 10 அன்று 'புஸ் கெட்ஸ் தி பூட்' வெளியானது. அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. அடுத்த படமான 'தி மிட்நைட் ஸ்நாக்'கில்தான், 1941-இல், டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் வந்தன. ஸ்டுடியோவுக்குள்ளேயே பெயர் வைக்கும் போட்டி நடத்தி, ஜான் கார் என்ற அனிமேட்டர் சொன்ன பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பரிசு 50 டாலர்.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் இப்படி எடுத்தவை 114 படங்கள். 1958-இல் கடைசிப் படம் வெளியானது. அதற்குப் பிறகு ஜீன் டைச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்தில் இருந்து 13 படங்கள் எடுத்தார். பின்னால் சக் ஜோன்ஸ் 34 எடுத்தார், 1963 முதல் 1967 வரை.

கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் 1995-இல் வந்தபோது இவற்றையெல்லாம் கலந்து கட்டித்தான் போட்டார்கள். அதனால் நம் நினைவிலும் எல்லாம் கலந்தே கிடக்கிறது. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. டாமுக்குப் புருவம் அடர்ந்து தடித்திருந்தால் அது சக் ஜோன்ஸ். சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தால் அது ஜீன் டைச். "பழசு போல வராது அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது அந்த 114-தான்.

சிங்கப்பூர்ப் படங்கள் மேல் நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு ஆசை?

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களைக் கேட்டால் காரணம் தெரியும். பல தலைமுறையாக அங்கே போய் வந்தவர்கள், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்தவர்கள், 1941-லேயே அங்கே ஊர்ப் பெயரில் சங்கம் வைத்தவர்கள். 'பெரியத்தா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது' என்று சொல்லப்படும் ஒரு பொருளாவது இருக்கும் வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, டாமும் ஜெர்ரியும் சிங்கப்பூருக்கு வருகிறார்கள் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் படங்களைச் செய்வதில் முன்னின்றது சிங்கப்பூரிலேயே உள்ள ஸ்டுடியோ. எண்பது வருஷமாக அமெரிக்க வீட்டுக் கூடத்திலும் அமெரிக்கச் சமையலறையிலும் ஓடிய பூனையும் எலியும், வெயிலும் மழையும் நம்மைப் போலவே இருக்கும் ஓர் ஊரில், அந்த ஊர்க்காரர்கள் முன்னின்று செய்த படத்தில் ஓடுகின்றன. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது.

மூன்று நிமிடம் போதுமா?

சிரிக்க வைக்கப் போதும். ஆனால் பழைய படங்கள் செய்த ஒரு வேலைக்கு அது போதாது. அது என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய படங்கள் பெரும்பாலும் ஏழெட்டு நிமிடம் ஓடும். 'புஸ் கெட்ஸ் தி பூட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொருள் உடைந்தால் வீட்டை விட்டு வெளியே போ என்று பூனைக்கு உத்தரவு. எலி அதைக் கேட்டுவிடுகிறது. மேசை விளிம்புக்கு ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தள்ளிக்கொண்டு போய், 'கிட்டே வந்தால் போட்டுவிடுவேன்' என்று மிரட்டுகிறது. துரத்தும் பூனை அப்படியே நின்றுவிடுகிறது. வலிமை கை மாறியது நமக்கு அந்த நொடியில் புரிகிறது. அப்புறம் பூனை தரையெல்லாம் தலையணை பரப்புகிறது. இனி விழுந்தாலும் உடையாது. வலிமை மறுபடி பூனையிடம். இப்படி மாறி மாறிப் போய், கடைசியில் பூனை இரண்டு கையிலும் தட்டுகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் நிற்கும்போது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சிரிப்பு அந்தப் பயத்துக்குள்ளிருந்துதான் வெடிக்கிறது.

மூன்று நிமிடத்தில் இப்படி ஒரு விதியை வைத்து, அதை இரண்டு மூன்று முறை புரட்டிப் போட நேரம் இருக்காது. ஆகவே புதிய குறும்படங்கள் ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, வேகமாக ஏற்றி, ஒரு முடிச்சில் விடுகின்றன. அந்த அளவுக்குள் அவை நன்றாகவே செய்கின்றன. நான் குறை சொல்வது நிமிடக் கணக்கை முடிவு செய்தவர்களைத்தான். இதே கலைஞர்களுக்கு இன்னொரு மூன்று நிமிடம் கொடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள்.

பழைய படங்களில் இருந்து, புதியதில் குறைவதாகத் தோன்றும் அந்த ஒன்று எது?

இசை. சந்தேகமே இல்லை.

ஸ்காட் பிராட்லி என்ற மனிதரின் பெயர் நம் ஊர் ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. ஹன்னா, பார்பரா எடுத்த படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இசை அவருடையது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஆர்க்கெஸ்ட்ரா அவர் கையில் இருந்தது. பூனை பதுங்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம், கண் சிமிட்டினால் ஒரு சுரம், சுவரில் மோதினால் மொத்தக் கச்சேரியும் சேர்ந்து ஓர் அதிர்வு. பார்பரா காட்சியை வரைந்து கொடுப்பார். ஹன்னா தாளம் போட்டு நேரம் வகுப்பார். எத்தனை பிரேமுக்கு, அதாவது எத்தனை தனிப் படங்களுக்கு, ஒரு தட்டு என்று முன்கூட்டியே தாளில் குறித்துவிட்டுத்தான் அசைவையே வரைவார்கள். அசைவும் இசையும் ஒரே தாளத்தில் பிறந்தவை. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் என்ன நடக்கிறது என்று தெரிகிறது. டாம் வலியில் அலறும் அந்தப் பிரசித்தமான கத்தலும் ஹன்னாவின் சொந்தக் குரல்தான்.

'தி கேட் கான்செர்டோ'வைப் பாருங்கள். கோட்டு போட்ட டாம் மேடைக்கு வந்து, வணங்கி, நிதானமாக உட்கார்ந்து, இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 'இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி' என்ற இசையைப் பியானோவில் வாசிக்கிறார். பியானோவுக்குள்ளே சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. டாம் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் உள்ளே அதற்கான சுத்தியல் எழுந்து ஜெர்ரியைத் தூக்கிப் போடுகிறது. டாம் வாசிப்பை நிறுத்தவே முடியாது, எதிரே சபை உட்கார்ந்திருக்கிறது. விரலில் எலிப்பொறி மாட்டினாலும் வாசித்தாக வேண்டும். ஒரு சொல் இல்லை. கதை முழுக்க இசைக்குள்ளேயே நடக்கிறது. ஆஸ்கர் வாங்கிய ஏழு டாம் அண்ட் ஜெர்ரிகளில் அதுவும் ஒன்று என்பதில் ஆச்சரியமே இல்லை.

புதிய படங்களில் இசை பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். நல்ல இசையாகவே இருந்தாலும், காலடியோடு ஒட்டி நடப்பதில்லை. வீட்டில் யாராவது "என்னமோ குறையுது" என்று சொன்னால், சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். புரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் செய்வதால்தான் உயிர் இல்லையா?

கருவி மேல் பழி போடுவது நியாயமில்லை. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். மூன்று நிமிடப் படம் என்றால் 4,320 பிரேம். பென்சிலில் வரைந்தாலும் திரையில் வரைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது என்னவென்றால், இன்றைய தொலைக்காட்சித் தொடர்களில் பல, பாத்திரத்தின் கை, கால், தலையைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து வைத்துக்கொண்டு அவற்றை நகர்த்துகின்றன. செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் டாம் பயந்தால் பழைய படத்தில் முதுகெலும்பே சுருண்டு, வால் நட்டுக்கொண்டு, முகம் முழுக்க வேறு ஆளாகிவிடும். அதைத் துண்டுகளால் செய்வது கஷ்டம். 2021-இன் இரண்டு ஸ்பெஷல் படங்களைப் பாருங்கள், முகபாவத்துக்கு எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று தெரியும். உழைக்க விட்டால் இன்றைக்கும் முடியும்.

எப்போதும் டாம்தான் தோற்க வேண்டுமா?

இல்லை. டாம் ஜெயித்த படங்களும், இருவரும் சேர்ந்து அடி வாங்கிய படங்களும் உண்டு. 1944-இன் 'தி மில்லியன் டாலர் கேட்'டில், எலியைக்கூடத் துன்புறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு டாமுக்குப் பத்து லட்சம் டாலர் சொத்து வருகிறது. கடைசியில் சொத்தே போனாலும் பரவாயில்லை என்று ஜெர்ரியை வெளுத்து வாங்குகிறது. என் மட்டில், ஜெர்ரி வம்புக்கு இழுத்த படத்தில் ஜெர்ரி தோற்பதுதான் சரி. பழையவர்கள் அந்த நியாயத்தைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு அடிதடியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அடி வாங்கியவர் அடுத்த நொடி முழுசாக எழுந்து நிற்பது கார்ட்டூனின் விதி. இந்த விதி பிள்ளைக்குப் புரிகிற வயது வரை கூடவே உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். 1975-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த தொடரில் இந்தக் கவலைக்காகவே இருவரையும் நண்பர்களாக்கி, ஜெர்ரி கழுத்தில் ஒரு போ டையும் கட்டிவிட்டார்கள். துரத்தலும் இல்லை, ருசியும் இல்லை.

பழைய படங்களில் சில காட்சிகளை ஏன் வெட்டியிருக்கிறார்கள்?

கால் மட்டும் தெரியும் அந்த வீட்டம்மா நினைவிருக்கிறதா? மாமி டூ ஷூஸ் என்று பெயர். கறுப்பினப் பணிப்பெண்ணைக் கேலியாகக் காட்டும் அந்தக் காலத்து அமெரிக்க வார்ப்பு அது. வெடி வெடித்ததும் பாத்திரத்தின் முகம் கரியாகி, கறுப்பினத்தவரைப் பகடி செய்யும் உருவமாக மாறும் காட்சிகளும் பல படங்களில் உண்டு. ஒரு மக்களை அவமதித்தவை என்பதால் பிற்காலத்தில் சிலவற்றை வெட்டினார்கள், சிலவற்றில் குரலை மாற்றினார்கள், சிலவற்றுக்கு முன்னால் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். வெட்டாமல், எச்சரிக்கையோடு காட்டுவதையே நான் ஆதரிக்கிறேன். வெட்டிவிட்டால் அப்படி ஒன்று நடக்காதது போல் ஆகிவிடும். நிறத்தை வைத்து ஆளைக் கேலி செய்யும் வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. பிள்ளை கேட்டால் பதில் சொல்லிக்கொடுக்க அது ஒரு வாய்ப்பு.

தமிழ்க் குரல் போட்ட வீடியோக்கள் எப்படி?

நெல்லைத் தமிழில் டாம் "ஏலே, எங்கலே போற?" என்று கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். நண்பர்கள் சேர்ந்திருக்கும்போது பார்க்க ஜாலியாக இருக்கும். ஆனால் அதுவே பழக்கமாகிவிட்டால் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு வசனத்துக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் நாலு வயதுப் பேத்தியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சிரித்தது எதனால்? யாரும் பேசாததால்தான். ஆச்சிக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை, பேத்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புதிய குறும்படங்களும் பேச்சில்லாமலேயே வருவது எனக்குப் பெரிய நிம்மதி.

திருநெல்வேலியில் ஒரு குறும்படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

எல்லாரும் ஆசை ஆசையாகக் கேட்கும் கேள்வி. கற்பனை வீண் இல்லை. 2013-இல் தொடங்கிய மிக்கி மவுஸ் குறும்படத் தொடரில் மும்பையில் நடக்கும் கதை ஒன்று இருக்கிறது. மிக்கி அதில் ஆட்டோ ஓட்டுகிறது, சவாரிக்கு வருவது ஒரு யானை. சிங்கப்பூரும் வந்துவிட்டது. நெல்லை ஏன் வரக் கூடாது?

உடனே எல்லாரும் சொல்வது அல்வாச் சட்டியில் டாம் ஒட்டிக்கொள்ளும் காட்சி. அல்வா கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஊற வைத்த கோதுமையை அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையோடு கிண்டும்போது நடுவில் ஒரு கட்டம் வரும். துடுப்பைத் தூக்கவே முடியாது, அவ்வளவு பிசுக்கு. அந்த நேரத்தில் டாம் விழுந்தால் ஒட்டும், சரி. ஆனால் நெய் விட விட, அது சட்டியை விட்டு விலகிப் பந்தாகச் சுருண்டு வழுக்கத் தொடங்கும். அதாவது ஒட்டிக்கொண்ட டாமை வெளியே எடுக்க ஜெர்ரி நெய்யை ஊற்றினால் போதும். டாம் சட்டியிலிருந்து வழுக்கி, கடை வாசலைத் தாண்டி, கீழ ரத வீதியில் சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கும் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும். ஒட்டுவதும் வழுக்குவதும் ஒரே சட்டிக்குள் இருக்கிறது. நான் மேலே சொன்னேனே, வலிமை கை மாறும் விதி, அது அல்வாவிலேயே இருக்கிறது. ஊரைப் படமாக்குவது என்றால் இதுதான். நெல்லையப்பர் கோபுரத்தைப் பின்னால் வரைந்துவிட்டால் ஊர் வந்துவிடாது.

பத்தமடைப் பாயும் நல்ல பொருள். மெல்லிய கோரையில் நெய்தது பட்டுத் துணி போல மடங்கும். ஜெர்ரி அதற்குள் சுருண்டால் கண்டுபிடிக்க முடியாது. பனைமரமும் அப்படித்தான். பூனை எந்த மரத்திலும் ஏறும். ஆனால் மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும். மேலே கலயத்தில் பதநீர் குடித்துக்கொண்டு ஜெர்ரி, நடு மரத்தில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் டாம். பணகுடிப் பக்கம் காற்றாலை இறக்கைகளையும் விட்டுவிடக் கூடாது.

இசைக்கு மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்து வாசித்த மண் இது. நாதஸ்வரமும் தவிலும் மட்டும் வைத்து முழுப் படத்துக்கும் இசை அமைக்க வேண்டும். டாம் பதுங்கி வருவதற்குத் தவிலில் விரல் நுனி மட்டும். ஓட்டத்துக்கு முழுக்கை. மோதலுக்கு முந்தின நிசப்தத்தில் நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் ஒலிக்கட்டும். அடிக்கு அடி தாளம் சேரும் வாத்தியம் இதைவிட எது?

எந்த வரிசையில் பார்க்கத் தொடங்கலாம்?

முதலில் 'புஸ் கெட்ஸ் தி பூட்', அடுத்து 'மவுஸ் டிரபிள்', 'தி கேட் கான்செர்டோ'. பிறகு 2005-இல் பார்பரா தன் தொண்ணூறுகளில் சேர்ந்து இயக்கிய 'தி கராத்தே கார்டு'. அதற்கு அப்புறம் சிங்கப்பூர்ப் படங்கள். இந்த வரிசையில் பார்த்தால் எது தொடர்ந்தது, எது விட்டுப்போனது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பையன் இதைப் பார்த்துவிட்டு வரைய ஆசைப்படுகிறான். என்ன செய்யலாம்?

பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தை வரைந்து புரட்டச் சொல்லுங்கள். பந்து கீழே வரும்போது படங்களுக்கு இடையே தூரம் அதிகம், மேலே போய் நிற்கும்போது தூரம் குறைவு. இது கைக்கு வந்தபின் பந்துக்கு வாலும் காதும் வைக்கலாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம் போதும். போனிலேயே படம் பிடித்து ஓட்டிப் பார்க்க இலவசச் செயலிகள் இருக்கின்றன.

நாங்களே டாம் அண்ட் ஜெர்ரி படம் எடுத்து வெளியிடலாமா?

வீட்டில் வரைந்து பழகுவதை யாரும் கேட்கப் போவதில்லை. வெளியிட்டுப் பணம் பார்ப்பது வேறு விஷயம். பாத்திரங்களின் உரிமை வார்னர் பிரதர்ஸிடம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 1940-இன் முதல் படத்துக்கான காப்புரிமை 2035 முடிய உண்டு. அதன் பிறகும், அந்த முதல் படத்தில் உள்ள ஜாஸ்பரும் பெயரில்லாத எலியும்தான் முதலில் பொதுவுக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். மேலப்பாளையத்துச் சந்தையில் திரியும் ஒரு பூனையையும், மண்டிக்குள் மூட்டைச் சந்தில் ஒளியும் ஓர் எலியையும் நீங்களே உருவாக்குங்கள். பெயர் நீங்களே வையுங்கள். முதல் படம் ஒரு நிமிடம் ஓடினால் போதும்.